மலையரசனும் மின்னாக்கியும்

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் பிந்தால் தாலி என்றொரு சாலை இருக்கிறது. முற்காலத்தில் கயிறு திரிப்போர் நீள நடந்து நடந்து தொழில் செய்த இடமாதலால் ஆங்கிலேயர் அதனை ‘ரோப் வாக்’ என்றழைத்தனர். மலாய்ப் பெயரும் அதே பொருளையே தருகிறது. மலாய் மொழியில் ‘தாலி’ என்றால் கயிறு. தமிழரின் தாலியும் கயிற்றில் கோக்கப்படுவதுதானே என்று அவ்வழியே செல்லும் தமிழ்ப் பெண்கள் நகைத்துக்கொள்வதுண்டு. கயிறு திரித்தோர் மறைந்தபின் பழம்பொருள் விற்போர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டனர். சாலையோரத்தில் சாக்கை விரித்து, துருவேறிய திருப்புளிகளையும் ஒற்றைச் செருப்புகளையும் யாரோ ஒருவருடைய திருமணப் புகைப்படத்தையும் அருகருகே அடுக்கி விற்ற காலம் ஒன்றிருந்தது. இன்று அத்தகைய சந்தையைக் காண விரும்புவோர் நகர விளையாட்டரங்கின் அருகிலுள்ள லோரோங் கூலிட்டுக்குச் செல்ல வேண்டும்.

பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது 1985-ஆம் ஆண்டில். அதற்கு ஈராண்டுகளுக்கு முன், அந்தச் சந்தைக்கு வாரந்தவறாமல் வந்துபோன தமிழர் ஒருவர் இருந்தார். வண்டிகளின் மின்கம்பி வேலை செய்பவர். ஊரார் அவரை ‘வயர்மேன்’ என்றே அழைத்தனர். அவருடைய இயற்பெயரை அறிந்தவர் அவருடைய மனைவியும் வாடகை வாங்க வரும் சீனக் கிழவரும் மட்டுமே எனலாம். ஜெலுத்தோங் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், கடைவீட்டின் ஐந்தடியில் ஒரு மரப்பெட்டி, ஒரு பிடிகருவி, தலைக்கு மேலே ஒரு மின்விளக்கு. இவ்வளவே அவருடைய பட்டறை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரையில் படித்தவர். அதன்பின் பிரிட்டிஷ் இராணுவப் பட்டறை ஒன்றில் எண்ணெய் துடைக்கும் பையனாகச் சேர்ந்து, துடைத்துக்கொண்டே தொழிலைக் கற்றவர். பிரிட்டிஷ் படைகள் 1971-இல் இம்மண்ணை விட்டு விலகியபோது அவருக்கு அந்த வேலை போயிற்று. வேலை போனதே தவிர, கற்றது போகவில்லை.

பிரிட்டிஷ் படையினர் தங்கியிருந்த மிண்டன் முகாமில் இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நிற்கிறது. முகாம் கல்விக்கூடமாயிற்று. ஆனால் படைகள் விட்டுச் சென்ற வண்டிகள் என்னவாயின என்று கேட்டவர் சிலரே.

அவ்வண்டிகளின் கதை இன்னும் பழையது. 1945 செப்டம்பர் 9-ஆம் நாள், ஜப்பான் சரணடைந்தபின்னும், முன்னரே வகுத்த திட்டப்படி பிரிட்டிஷ்-இந்தியப் படைகள் சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் இறங்கின. எதிர்த்துச் சுட ஒருவருமில்லை. எதிர்த்தது சேறு ஒன்றுதான். வண்டிகள் பல அக்கரையிலேயே புதைந்து நின்றன. புதையாமல் கரையேறியவையும், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பின்னர் வந்து சேர்ந்தவையும் நாடெங்கும் ஓடின. பணி முடிந்ததும் ஏலத்திற்கு வந்தன. அவற்றை வாங்கியவர்களில் மரம் வெட்டும் தொழில் முதலாளிகள் முன்னின்றனர். பீரங்கியைச் சேற்றிலும் மேட்டிலும் இழுப்பதற்காகச் செய்யப்பட்ட வண்டிக்கு ‘பாலாக்’ எனும் பெருமரத்தை இழுப்பது பெரிய காரியமா? நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும்; கம்பி வடம் சுற்றும் ‘விஞ்சு’ உண்டு. ஏ.இ.சி. நிறுவனத்தின் மாட்டடோர் போன்ற பீரங்கி இழுவண்டிகள், போர் முடிந்தபின் இங்கிலாந்திலேயும் மரம் இழுக்கப் போயின. மலேசியக் காடுகளில் இவ்வகை வண்டிக்குச் சீனர் இட்ட பெயர் ‘சான் தை வோங்’. மலையரசன் என்பது பொருள். மலாய்க்காரர் ‘லோரி ஹந்து’ என்றனர், பேய் லோரி. அரசனென்றாலும் பேயென்றாலும் அதனைப் பார்த்து ஒதுங்காதவர் இல்லை.

அரசனுக்கு வயதாக ஆக உடலுறுப்புகள் மாறின. ஒரு வண்டியின் சட்டகம், இன்னொன்றின் இயந்திரம், மூன்றாவதன் அச்சு எனப் பல உடல்கள் சேர்ந்து ஓருயிராயின. இத்தகைய வண்டிக்கு உறுப்பு தேடிக் கடைக்குச் செல்பவனிடம் கடைக்காரர் கேட்கும் முதற்கேள்வி, “எந்த மாடல்?” என்பது. அதற்கு விடை கிடையாது.

வயர்மேன் அக்கேள்வியைக் கேட்பதேயில்லை. அவருடைய கேள்விகள் வேறு. பேட்டரி எத்தனை, எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன? 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? இராணுவ வண்டியென்றால் 24 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது தவறு. வானொலிக் கருவி தாங்கிய லேண்ட்ரோவர் 24 வோல்ட்டில் ஓடும். அதே உருவமுள்ள சாதாரண இராணுவ லேண்ட்ரோவர் 12 வோல்ட்டில் ஓடும். அடுத்த கேள்வி, பேட்டரியின் எம்முனை வண்டியின் உடலோடு சேர்கிறது என்பது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனை உடலோடு சேரும்; ஜப்பானிய லோரிகளில் எதிர்முனை. பிறகு, இயந்திரம் எந்த வேகத்தில் ஓடும், வார்ப்பட்டை எங்கே அமரும், இரவில் எத்தனை விளக்குகள் எரியும் என்பன. இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால், உறுப்பின் பெயர் எதுவாயினும் அவருக்குக் கவலையில்லை.

இங்கே மின்னாக்கியைப் பற்றிச் சிறிது கூறியாக வேண்டும். பழைய வண்டிகளில் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டியது டைனமோ. அதன் சுழலும் உடலிலேயே மின்சாரம் பிறக்கும். பிறந்ததனைத்தும் செம்புத் துண்டுகளாலான வளையத்தின் வழியே கரித்துண்டுகளுக்கு வந்து வெளியேற வேண்டும். ஆதலால் அதனை மிக வேகமாகச் சுழற்ற இயலாது. இயந்திரம் மெல்ல ஓடும்போது அது உறங்கிவிடும். காட்டு லோரியோ நாள் முழுதும் மெல்ல ஊர்வது; விஞ்சு இழுக்கும்போது நின்ற இடத்திலேயே முனகுவது. டைனமோ உறங்க, பேட்டரி இளைக்கும். பின்வந்த ஆல்டர்னேட்டர், அதாவது மாறுமின்னாக்கி, இதற்கு நேர்மாறானது. மின்சாரம் பிறப்பது சுழலாத வெளிச்சுற்றில். சுழலும் நடுவுடலுக்கு இரண்டு, மூன்று ஆம்பியர் மின்சாரம் மட்டும் வழுவழுப்பான வளையங்களின் வழியே போனாற் போதும். ஆகவே வேகமாகச் சுழலும். மெல்ல ஓடும் இயந்திரத்திலும் விழித்திருக்கும். ஆனால் அதில் பிறப்பது திசைமாறும் மின்சாரம். பேட்டரிக்கு அது உதவாது. அதனை ஒரே திசையில் செலுத்தும் வாயிற்காவலர்களே டையோடுகள் எனப்படும் சிறு சிலிக்கான் துண்டுகள். ஒரு மின்னாக்கியில் ஆறு காவலர் உண்டு, சிலவற்றில் ஒன்பது. அவை மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகே கார்களில் ஆல்டர்னேட்டர் பெருவழக்காயிற்று. அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் 1960-இல் தன் வேலியன்ட் காரில் அதனைப் பொருத்திற்று. செம்பும் கரியும் அடியைத் தாங்கும், சிலிக்கான் தாங்காது. பின்வரும் கதை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

ஒருநாள் முற்பகல், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்திறங்கிய தமிழ் இளைஞன் ஒருவன், தோளில் ஒரு கோணிச்சாக்குடன் வயர்மேனின் ஐந்தடியில் வந்து நின்றான். கெடா மாநிலத்தின் பாலிங் பகுதியில், மலைக்காட்டில் மலையரசன் ஓட்டுபவன். கம்யூனிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் 1955-இல் பேச்சுவார்த்தை நடந்த அதே பாலிங்தான். சாக்கை இறக்கி வைத்தான். உள்ளே ஓர் ஆல்டர்னேட்டர்.

“அண்ணே, இதுவும் போய்விட்டது.”

வயர்மேன் சாக்கினுள்ளே பார்த்தார். அவர் கைப்பட்ட உறுப்பே அது. உடனே ஒன்றும் பேசவில்லை.

மூன்று மாதங்களுக்கு முன் அந்த வண்டியின் டைனமோ இறந்துபோயிற்று. அதற்கு மாற்றாக முதலாளி வேறொரு பட்டறையில் ஆல்டர்னேட்டர் ஒன்றைப் பொருத்தினார். பதினாறே நாள். அது எரிந்தது. இளைஞன் அன்றும் இதே சாக்குடன் இங்கே வந்தான். எரிந்ததைத் திறந்து பார்த்த வயர்மேன், “முனை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தொழில் தெரியாதவர்கள்” என்று தீர்ப்புக் கூறினார். பிறகு அவரே பழைய உறுப்புக் கடைகளில் மூன்று நாள் அலைந்து, ஜப்பானிய லோரியொன்றிலிருந்து கழற்றிய 24 வோல்ட் ஆல்டர்னேட்டரைத் தேடிப் பிடித்தார். அதன் தாங்கிகளையும் கரித்துண்டுகளையும் மாற்றிப் புதுப்பித்தார். அதனை எடுத்துக்கொண்டு பாலிங் சென்று, தம் கையாலேயே பொருத்தினார்.

அந்தப் பொருத்தல் பார்க்கத் தகுந்தது. டைனமோ உருளை வடிவினது, நீளமானது, ஆல்டர்னேட்டர் குட்டை. பழைய தாங்குதட்டில் அது அமராது. இரும்புப் பட்டையை வளைத்துப் புதிய தாங்கி செய்தார். மூன்று கப்பிகளும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் கட்டிப் பார்த்து, ஒரு வளையம் குறைத்து, மறுபடி நூல் கட்டினார். கப்பி ஒரு மயிரிழை விலகினாலும் வார்ப்பட்டை தன் விளிம்பைத் தானே தின்றுவிடும். டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டியை அகற்றினார். பழைய மெல்லிய கம்பியை எடுத்துவிட்டுத் தடித்த கம்பி இழுத்தார். பேட்டரியின் முனைகளை மாற்றி எதிர்முனையை உடலோடு சேர்த்தார். முனையை மாற்றினால் தொடக்க மோட்டார் பின்னோக்கிச் சுழலுமே என்று முதலாளியின் மகன் அஞ்சினான். அவ்வகை மோட்டாருக்கு முனை எதுவாயினும் ஒரே திசைதான் என்று வயர்மேன் சொன்னதை, இயந்திரம் புறப்பட்ட பிறகே அவன் நம்பினான். முகப்பில் சிறியதொரு சிவப்பு விளக்கும் வைத்தார். அது வெறும் அடையாள விளக்கன்று; மின்னாக்கியை உறக்கத்திலிருந்து எழுப்பும் முதல் மின்சாரம் அதன் வழியேதான் செல்கிறது. அந்தக் குமிழ் எரிந்துபோனதை அறியாமல், நல்ல ஆல்டர்னேட்டரைக் குப்பையில் எறிந்தவர்கள் எத்தனையோ பேர்.

அளவுமானி 28 வோல்ட்டுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. கச்சிதம். கையைத் துடைத்துக்கொண்டு, பிற்பகல் மூன்று மணி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அதுவும் மூன்று வாரத்தில் எரிந்தது. பழைய உறுப்பென்றால் டையோடு ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, புதிய டையோடுகளை வைத்து அனுப்பினார். இப்போது அதுவே திரும்பி வந்திருக்கிறது.

“தவுக்கே என்ன சொன்னார், தம்பி?”

இளைஞன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “வண்டி ஒன்றே, ஓட்டுபவன் ஒருவன், எரிவது மட்டும் மூன்று என்கிறார். இந்த முறை செலவை என் சம்பளத்தில் பிடிக்கப் போகிறாராம். இன்னொரு முறை எரிந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம்.”

பிடிக்கப்போவது மாதக் கூலியில் மூன்றிலொரு பங்கு. அவனுக்கு மணமாகி ஓராண்டு; மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்றிருந்தாள். இதனை அவன் தானாகச் சொல்லவில்லை. வயர்மேன் கேட்டுப் பெற்றார்.

டீசல் வண்டிக்கு மின்சாரம் எதற்கு என்று நகரத்தார் கேட்கக்கூடும். டீசல் இயந்திரத்திற்குத் தீப்பொறி தேவையில்லை. ஓடத் தொடங்கிவிட்டால் பேட்டரியைக் கழற்றி எறிந்தாலும் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆனால் தொடங்குவதற்குப் பேட்டரி வேண்டும். பத்துப் பன்னிரண்டு டன் மரத்துடன் சரிவின் நடுவே இயந்திரம் அணைந்துவிட்டால் மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்ட நாளில் இருட்டிய பிறகே இறங்க நேரும். ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம், நடுவே வழுக்கும் செம்மண். அங்கே முகவிளக்கு மங்கத் தொடங்கினால் ஓட்டுநருக்கு எப்படியிருக்கும் என்பதை அவனிடம்தான் கேட்க வேண்டும். வயர்மேன் அதையும் கேட்டார். ஒருமுறை அப்படி நடந்ததாகவும், உதவியாளன் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, இரண்டு மணி நேரம் இறங்கியதாகவும் அவன் சொன்னான்.

வயர்மேன் ஆல்டர்னேட்டரைப் பிடிகருவியில் மாட்டித் திறந்தார். சுற்றுக்கம்பியின் மேற்பூச்சு பொன்னிறமாகப் பளபளத்தது. கருகல் இல்லை, வாடை இல்லை. சுமை மிகுந்து எரிந்திருந்தால் அது கறுத்திருக்க வேண்டும். தாங்கிகள் பட்டுப்போலச் சுழன்றன. கரித்துண்டுகள் தேயவில்லை. டையோடுகளைத் தனித்தனியே பிரித்துச் சோதனை விளக்கை வைத்தார். நல்ல டையோடானால் ஒருபுறம் வைக்கையில் விளக்கு எரியும். மறுபுறம் வைக்கையில் எரியாது. இங்கே நான்கில் இருபுறமும் எரிந்தது. உடல் முழுதும் நலமாயிருக்க, காவலர் மட்டும் மடிந்து கிடந்தனர்.

முனை மாற்றிக் கொடுத்திருந்தால் இணைத்த கணமே அவை இறந்திருக்கும். மூன்று வாரம் ஓடியிரா. முதல் ஆல்டர்னேட்டரும் பதினாறு நாள் ஓடிற்றே! அப்படியானால் அந்த வேறு பட்டறைக்காரர்களைத் ‘தொழில் தெரியாதவர்கள்’ என்று சொன்னது எவ்வகையில் நியாயம்? இந்த எண்ணம் அவரை உறுத்தியது. அன்றைக்கே இவ்வளவு எளிய கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கலாம். பிறர் வேலையைக் குறைசொல்லும் அவசரத்தில் போடாமல் விட்டுவிட்டார்.

“தம்பி, சிவப்பு விளக்கு எரிவதை எப்போது பார்த்தாய்? ஓட்டிக்கொண்டிருக்கும்போதா?”

“இல்லை அண்ணே. காலையில் வண்டியை எடுக்கும்போது. எடுத்தால் அணைய வேண்டுமே, அணையவில்லை.”

“மூன்று முறையுமா?”

அவன் சற்று யோசித்தான். “மூன்று முறையும் காலையில்தான்.”

மாலையில் நலமாக வந்து நின்ற வண்டி, காலையில் நோயோடு எழுகிறது. இரவில் வண்டி ஓடவில்லை. அப்படியானால் நோய் பிடித்த நேரம், நிறுத்தும் நேரம். வயர்மேன் புதிய டையோடுகளை ஒரு தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஐந்தடிப் பெட்டியைப் பூட்டினார். இருவரும் ஃபெரித்துறைக்கு நடந்தனர்.

பட்டர்வொர்த்திலிருந்து சுங்கைப் பட்டாணி, கோலக்கெட்டில் வழியாகப் பாலிங் செல்லும் பஸ் அவ்வளவு விரைந்து செல்வதில்லை. இரப்பர்த் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. வழியில் இருவரும் மின்னாக்கியைப் பற்றிப் பேசவில்லை. இளைஞன் பிறக்கப்போகும் குழந்தைக்கு வைக்கும் பெயரைப் பற்றிப் பேசினான். வயர்மேன் தலையசைத்தபடி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரக்களத்தை அடைந்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் காலை ஆல்டர்னேட்டரைப் பொருத்திவிட்டு, வயர்மேன் பஸ் ஏறவில்லை. ‘கொங்சி’ எனப்படும் தொழிலாளர் குடிசையின் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். வண்டி மேலே போயிற்று. இரண்டு நடை மரம் இறக்கிற்று. பிற்பகலில் மழை பெய்தது. அந்தியில் முகவிளக்கு எரிய முனகிக்கொண்டு திரும்பி வந்தது. அவர் எழுந்து சென்று ஓட்டுநர் இருக்கையின் அருகே நின்றார்.

“நிறுத்து தம்பி. தினமும் நிறுத்துவதுபோலவே நிறுத்து.”

இளைஞனின் இடக்கை இருக்கையின் பக்கவாட்டிலிருந்த கனத்த சுவிட்சை நோக்கிச் சென்றது. இராணுவ வண்டியின் தலைச்சுவிட்ச் அது. பேட்டரியை வண்டியிலிருந்து அடியோடு துண்டித்துவிடும். போர்க்களத்தில் தீ விபத்து நேர்ந்தால் ஓட்டுநர் எட்டிப் பிடிப்பதற்காகவே அங்கே வைத்திருக்கிறார்கள். வலக்கை இயந்திரத்தை நிறுத்தும் இழுகம்பியின் மேல் இருந்தது. முதலில் சுவிட்ச், அதன் பிறகே இழுகம்பி.

“போதும்” என்று வயர்மேன் அவன் இடக்கையைப் பற்றிக்கொண்டார். சுவிட்ச் இன்னும் திருப்பப்படவில்லை.

டீசல் இயந்திரமாதலால் பேட்டரி துண்டிக்கப்பட்ட பின்னும் அது சுழன்றுகொண்டிருக்கிறது, மின்னாக்கியும் சுழல்கிறது. ஏரிக்கு நீர் சென்றுகொண்டிருக்கும் கால்வாயின் மடையைத் திடீரென்று அடைத்தால் என்னவாகும்? வந்த நீர் கரையை முட்டும். பேட்டரி என்னும் ஏரி மறைந்த அந்த ஒரு நொடியில் மின்னழுத்தம் பலமடங்கு துள்ளி எழுகிறது. சிலிக்கான் காவலர் அந்த நொடியில் மடிகின்றனர். எல்லா மாலையும் மடிவதில்லை. பேட்டரி நிறைந்து மின்சாரம் சிறிதாகப் பாயும் நாளில் தப்பிவிடுவர். விஞ்சு அதிகம் இழுத்து, விளக்கும் எரிந்து, வெள்ளம் பெரிதாக ஓடும் நாளில் மாட்டிக்கொள்வர். பதினாறு நாளும் மூன்று வாரமும் ஆனதன் காரணம் இதுவே.

“யார் தம்பி இப்படி நிறுத்தச் சொல்லிக் கொடுத்தது?”

அவன் தந்தையாரைப்போல் மதித்த பழைய ஓட்டுநர் ஒருவர். இறந்துபோனவர். முதலில் சுவிட்சை அணை, பிறகே இயந்திரத்தை நிறுத்து. மறந்தால் வண்டி எரியும் என்று சொல்லி, மறந்த நாளில் அவன் முதுகில் ஒன்று வைத்தவர்.

வயர்மேன் சற்று நேரம் பேசாதிருந்தார். பெரியவர் சொன்னது தவறன்று. டைனமோ நிற்கும்போது, பேட்டரி அதன்வழியே திரும்பிப் பாய்ந்துவிடாமல் தடுப்பது கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள ஒரு சிறு தொடுமுனை. அது ஒட்டிக்கொண்டால் பேட்டரியின் மின்சாரம் முழுவதும் டைனமோவுக்குள் திரும்பிக் கம்பியைப் பழுக்க வைக்கும். பழைய வண்டிகளில் அது நடப்பதுண்டு. ஆகவே முதலில் பேட்டரியைத் துண்டி என்றார் பெரியவர். டைனமோவுக்கு அது காப்பு; ஆல்டர்னேட்டருக்கு அதுவே நஞ்சு. வண்டியில் மின்னாக்கியை மாற்றியவர்கள் அந்த வழக்கத்தையும் மாற்ற வேண்டுமென்று இவனிடம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாதவர்களுள் ஒருவர், சுவிட்சைக் கண்ணால் கண்டும் மூன்று மணி பஸ்ஸில் ஏறிப் போனவர்.

முதலாளி கணக்குப் புத்தகத்துடன் களத்தின் மறுமுனையிலிருந்து வந்தார். அறுபது வயதுச் சீனர், பேச்சு மலாயில். காரணம் கண்டுபிடித்தாயிற்றா என்றார். ஆயிற்று என்றார் வயர்மேன். யாருடைய தவறு என்றார் முதலாளி.

இளைஞன் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தான். கை இன்னும் இழுகம்பியின் மேல். சுவிட்சைத் திருப்பியது அவன் கை என்பதை அவனும் இப்போது அறிந்துவிட்டான். அதை ஒரு வாக்கியத்தில் முதலாளியிடம் சொல்லிவிட்டால், சொன்னது பொய்யாகாது. வயர்மேனின் பெயரும் கெடாது.

வயர்மேன் சொன்னார்: “முதலாவதைப் பொருத்தியவர்கள் வண்டியை எப்படி நிறுத்துகிறீர்கள் என்று கேட்கவில்லை. இரண்டாவதைப் பொருத்திய நானும் கேட்கவில்லை. இவன் தனக்குக் கற்றுக்கொடுத்தபடி நிறுத்தினான். சுவிட்ச் இங்கே இருக்கக்கூடாது; அதை நான் அன்றே மாற்றியிருக்க வேண்டும்.”

பிறகு சுவிட்சையும் இழுகம்பியையும் காட்டி, ஏன் எரிந்தது என்பதையும் மறைக்காமல் விளக்கினார். முதலாளி சுவிட்சைப் பார்த்தார், ஓட்டுநரைப் பார்த்தார், நெடுநேரம் வயர்மேனைப் பார்த்தார். கணக்கில் வல்லவர் அவர். அப்படியானால் பணம் யார் தருவது என்றார்.

“இரண்டு முறை மாற்றிய டையோடு, என் போக்குவரத்து, என் கூலி எல்லாம் என்னுடையது. முதல் ஆல்டர்னேட்டர் உங்களுடையது. இவனிடம் பிடிக்க ஒன்றுமில்லை.”

முதலாளி கணக்குப் புத்தகத்தைத் திறந்து எதையோ அடித்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சியுமில்லை, சினமுமில்லை. இரவுச் சோற்றுக்கு இருந்துவிட்டுப் போகும்படி கூறிவிட்டுத் திரும்பி நடந்தார். அந்த அழைப்பையே அவர் தந்த தீர்ப்பாகக் கொள்ளலாம் என்று கொங்சிக்காரர்கள் பின்னர் பேசிக்கொண்டனர்.

தலைச்சுவிட்சுக்கு வேறு வழிகளும் உண்டு. அதனோடு மின்னாக்கியின் நடுவுடல் மின்சாரத்தையும் சேர்த்தணைக்கும் சுவிட்சுகள் இருக்கின்றன. பினாங்கில் தேடினால் ஒருவேளை கிடைத்திருக்கும். வயர்மேன் அதைவிட எளிய வழியொன்றைக் கண்டார். மறுநாள் காலை அந்தச் சுவிட்சை இருக்கையின் பக்கத்திலிருந்து கழற்றி, வண்டியின் வெளிப்புறத்தில் சட்டகத்தோடு ஒட்டிய பேட்டரிப் பெட்டிக்குக் கீழே மாட்டினார். அதை அணைக்க வேண்டுமானால் ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கியாக வேண்டும். இயந்திரத்தை ஓடவிட்டு இறங்கும் ஓட்டுநர் மலைக்காட்டில் இல்லை. பேட்டரிக் கம்பியும் மூன்று முழம் குறைந்தது. மிஞ்சிய கம்பியைச் சுருட்டித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார். நல்ல செம்பை விட்டுவிட்டு வரும் வழக்கம் அவருக்கில்லை.

களத்தில் மரங்களுக்கு எண்ணிடும் சிவப்புச் சாயம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, சுவிட்சுக்கு மேலே, பேட்டரிப் பெட்டியின் பச்சைப் பரப்பில் எழுதினார்: ‘இயந்திரம் நின்ற பின் அணை’. ஆறாம் வகுப்போடு நின்ற கையெழுத்தாயினும் ‘ற’கரமும் ‘ன’கரமும் பிசகவில்லை. அவ்வண்டியின் உடலில் இலண்டனில் அச்சடித்த செப்புத் தகடுகள் நான்கைந்து இருந்தன. நாற்பதாண்டு காலமாக அவற்றில் என்ன எழுதியிருக்கிறதென்று ஓட்டியவர்களில் பலருக்குத் தெரியாது. இந்த ஒரு வரியை மட்டும் இளைஞன் வாய்விட்டுப் படித்தான்.

முதலாளி வந்து, அது என்ன எழுத்து என்று கேட்டார். பொருளைச் சொன்னதும் சற்று யோசித்து, நாளைக்கு வேறு ஆள் ஓட்டினால் என்றார். வயர்மேன் கீழே மலாயிலும் எழுதினார். சீனத்தில் எழுதத் தெரியாது என்று சாயக்குச்சியை முதலாளியிடமே நீட்டினார். அவர் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மூன்றாவது வரியை எழுதினார்.

இளைஞன் ஏறி உட்கார்ந்து இயந்திரத்தைப் புறப்படச் செய்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. இயந்திரம் சற்றே வேகம் பிடித்ததும் அணைந்தது. அளவுமானி 28-ஐ நெருங்கி நின்றது. பிறகு இழுகம்பியை இழுத்தான். இயந்திரம் நின்றது. அவனுடைய இடக்கை பழைய இடத்தில் சுவிட்சைத் தேடி, வெற்றிடத்தைத் தடவிவிட்டுத் திரும்பியது. அவன் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினான்.

வயர்மேன் ஜார்ஜ் டவுன் திரும்பிய மறுநாள், ஐந்தடிப் பெட்டியைத் திறப்பதற்கு முன், முதல் ஆல்டர்னேட்டரைப் பொருத்திய அந்த வேறு பட்டறைக்குச் சென்றார். இருவருக்கும் அதற்குமுன் பேச்சுவார்த்தை இருந்ததில்லை. கோப்பிக்கடையில் உட்கார்ந்து, மேசைமீது சுண்ணக்கட்டியால் பேட்டரி, சுவிட்ச், மின்னாக்கி ஆகிய மூன்றையும் வரைந்தார். அப்பட்டறைக்காரர் உற்றுப் பார்த்துவிட்டு, தம்மிடம் இவ்வாறே இன்னும் இரண்டு மரலோரிகள் வந்துபோயிருக்கின்றன என்றார். கோப்பிக்கான காசை யார் கொடுப்பது என்று இருவரும் சிறிது நேரம் வழக்காடினர்.